இரண்டாம் பாகம் எங்கே சறுக்குகிறது? வீடியோ கேம் கேள்வி-பதில்

இந்த இதழுக்கு வந்த கேள்விகள் பலவற்றில் ஒரே ஆதங்கம்: ஆசையாகக் காத்திருந்த சயின்ஸ் ஃபிக்‌ஷன் ஆக்‌ஷன் கேமின் அடுத்த பாகம் ஏமாற்றிவிட்டது; அதை நியாயமாக விமர்சிப்பது எப்படி? அதனால் இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே.

கேள்வி: முதல் பாகம் எனக்கு உயிர். இரண்டாம் பாகத்தில் கிராஃபிக்ஸ் அருமை, ஆயுதங்களும் கூடியிருக்கின்றன. ஆனாலும் மனது ஒட்டவில்லை. விமர்சனம் எழுத உட்கார்ந்தால் 'பழைய மாதிரி இல்லை' என்பதைத் தாண்டி ஒரு வரி வரமாட்டேன் என்கிறது. எங்கே ஆரம்பிப்பது?

பதில்: முதல் பாகத்தில் ஆரம்பியுங்கள். ஞாபகத்தை நம்பி எழுதாதீர்கள். பிடித்துப்போன கேமை மனது காலப்போக்கில் மெருகேற்றி வைத்திருக்கும். அதைத் திரும்பப் போட்டு இரண்டு மணி நேரம் ஆடுங்கள். ஆடும்போது கதையை விட்டுவிடுங்கள். உங்கள் கை என்ன செய்கிறது, அதற்குக் கேம் என்ன திருப்பிக் கொடுக்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே குறிப்புத்தாளோடு இரண்டாம் பாகத்துக்கு வாருங்கள்.

ஓர் உதாரணம். 2009-இல் வொலிஷன் நிறுவனம் உருவாக்கிய 'ரெட் ஃபேக்‌ஷன்: கெரில்லா'. செவ்வாய் கிரகத்தில் திறந்த நிலப்பரப்பு, கையில் ஒரு சம்மட்டி. எதிரி கட்டடத்தை எந்தப் பக்கத்திலிருந்தும் உடைக்கலாம். தூணை மட்டும் குறிவைத்து அடித்தால், பாரம் தாங்காமல் மேல்தளம் தானாக இறங்கும். இடிபாட்டில் கிடக்கும் உலோகத்தைப் பொறுக்கினால் அதுதான் பணம். அந்தப் பணத்தில் புது ஆயுதம், அந்த ஆயுதத்தால் இன்னும் பெரிய கட்டடம். இடிக்க இடிக்க அந்தப் பகுதியில் எதிரிப் படையின் பிடியும் தளர்ந்துகொண்டே போகும். இடிப்பது என்ற ஒரே செயல்தான் அங்கே விளையாட்டு, வருமானம், போர் மூன்றும்.

2011-இல் 'ரெட் ஃபேக்‌ஷன்: ஆர்மகெடன்'. அதே நிறுவனம், இடிக்கும் தொழில்நுட்பமும் கைவசம் இருந்தது. காந்தத் துப்பாக்கி என்று ஒன்று கொடுத்தார்கள்: ஒரு பொருள் மீது ஒரு முறை, இன்னொன்றின் மீது ஒரு முறை சுட்டால் முதல் பொருள் பிய்த்துக்கொண்டு போய் இரண்டாவதில் மோதும். அருமையான ஆயுதம். உடைந்த படிக்கட்டைத் திரும்பக் கட்டும் கருவியும் உண்டு. ஆனால் களத்தை நிலத்தடிக் குகைகளுக்குள் கொண்டுபோய்விட்டார்கள். குகைச் சுவர் இடியாது. போகும் வழி பெரும்பாலும் ஒன்றுதான். உடைப்பதற்குக் கட்டடம் இருக்கிறது. 'எந்தப் பக்கத்திலிருந்து நுழையலாம்' என்று யோசிக்க இடம் இல்லை.

இப்போது எழுத வரி கிடைத்துவிட்டது பாருங்கள்: 'இடிக்கும் வசதி போகவில்லை, இடிப்பதற்கான காரணம் போய்விட்டது.' உங்கள் கேமுக்கும் இப்படி ஒரு வரி இருக்கும். இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது கண்ணில் படும். எது போயிற்று என்று தேடும்போது ஆயுதங்களின் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். ஒரு செயலுக்கும் அடுத்த செயலுக்கும் நடுவே இருந்த பிணைப்பு எங்கே அறுந்தது என்று பாருங்கள்.

கேள்வி: பழைய மேப்பையே திரும்பக் கொடுத்தால் அது சோம்பேறித்தனம்தானே? அதற்காக மார்க்கைக் குறைக்கலாமா?

பதில்: மேப் பழையது என்பதற்காக மட்டும் குறைக்காதீர்கள். அதே தெருவில் செய்வதற்குப் புதிதாக ஏதாவது இருக்கிறதா என்பதே கேள்வி.

'கிராக்டவுன் 2' (2010) இதற்குச் சரியான பாடம். 2007-இல் வந்த முதல் பாகத்தின் பசிஃபிக் சிட்டி நகரமே, சிதைந்த கோலத்தில், மறுபடி வந்தது. பலரும் மேப்பைத்தான் திட்டினார்கள். உண்மையான இழப்பு வேறு இடத்தில். முதல் பாகத்தில் மூன்று கும்பல்கள், மொத்தம் 21 தலைவர்கள். ஆயுதம் சப்ளை செய்பவனை முதலில் தீர்த்தால் மற்றவர்களின் ஆட்களிடம் ஆயுத பலம் குறையும். ஆள் சேர்ப்பவனைத் தீர்த்தால் காவல் இளைக்கும். நேராக உச்சித் தலைவனிடமே போய் மோதவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஒவ்வொருவனின் கோட்டையும் ஒவ்வொரு விதம்.

இரண்டாம் பாகத்தில் அந்தத் தலைவர்களே இல்லை. அதற்குப் பதில் 27 இயந்திரங்களை இயக்க வேண்டும். மூன்று இயக்கினால் ஒரு விளக்குக் கோபுரம் கிடைக்கும். அதை நிலத்தடிக்கு இறக்கி, வேலை முடியும்வரை உருமாறிப்போன ஜந்துக்களிடமிருந்து காக்க வேண்டும். இப்படி ஒன்பது முறை. மூன்றாவது கோபுரத்திலேயே கேம் தன்னிடம் இருப்பதை எல்லாம் காட்டி முடித்துவிடுகிறது. கூரைக்குக் கூரை தாவி பச்சை உருண்டைகளைப் பொறுக்கும் சுகம் மட்டும் அப்படியே இருந்தது. விமர்சனத்தில் அதையும் சொல்ல வேண்டும்.

உங்கள் கேமில் இதைச் சோதிக்க எளிய வழி: ஒவ்வொரு மிஷன் முடிந்ததும் அதில் செய்ததை ஒரே வரியில் எழுதுங்கள். 'போனேன், பொத்தானை அழுத்தினேன், மூன்று அலை எதிரிகளைச் சுட்டேன்' என்ற வரி ஊர்ப்பெயர் மட்டும் மாறி மாறி வந்தால், அந்தத் தாளே உங்கள் ஆதாரம்.

கேள்வி: எல்லாத் துப்பாக்கிக்கும் ஒரே தோட்டா என்று மாற்றிவிட்டார்கள். ஆடுவதற்கு வசதிதானே! ஏன் இவ்வளவு பேர் கோபப்படுகிறார்கள்?

பதில்: வசதிதான். அந்த வசதி எதைத் தின்றுவிட்டது என்று பார்த்தால் கோபம் புரியும்.

முதல் 'டியஸ் எக்ஸ்' (2000) கேமில் ஒவ்வொரு ஆயுத வகைக்கும் தனித் தோட்டா. ஸ்னைப்பர் தோட்டா தீர்ந்தால் கைத்துப்பாக்கிக்கு மாறுவீர்கள். அதுவும் போனால் பூட்டைத் திறந்து பின்வழியாகப் பதுங்கிப் போவீர்கள். பற்றாக்குறைதான் உங்களைப் புது வழிக்குத் தள்ளியது. 2003-இல் வந்த 'இன்விசிபிள் வார்' எல்லா ஆயுதத்தையும் ஒரே தோட்டா இருப்பில் இணைத்தது. ஆயுதத்துக்கு ஆயுதம் எடுத்துக்கொள்ளும் அளவு மட்டும் வேறு. விளைவு இரண்டு. ஒன்று, பிடித்த ஒரே துப்பாக்கியைக் கடைசிவரை பிடித்துக்கொண்டே போகலாம். இரண்டு, பெரிய ஆயுதத்தை நாலு முறை கண்மூடித்தனமாகச் சுட்டுவிட்டால் கையில் இருக்கும் சின்னத் துப்பாக்கியும் சேர்ந்து காலி. மாற்று வழியே இல்லை. கூடவே, 64 எம்பி நினைவகம் மட்டுமே கொண்ட அன்றைய எக்ஸ்பாக்ஸிலும் ஓட வேண்டியிருந்ததால் இடங்கள் சிறுத்து, லோடிங் திரைகள் பெருகின. இரண்டும் சேர்ந்துதான் அந்தக் கேம் நெருக்கடியாகத் தெரிந்தது.

'டெட் ஸ்பேஸ் 3' (2013) அதே பாதையில் போனது. 2008-இன் முதல் பாகத்தில் எதிரியின் கைகால்களைத் துண்டித்தால்தான் சீக்கிரம் சாவான். பிளாஸ்மா கட்டர் என்ற வெட்டும் ஆயுதத்தின் ஒளிக்கோட்டைப் படுக்கையாகவோ செங்குத்தாகவோ திருப்பி முழங்காலுக்கு நேரே பிடிக்கும் அந்த ஒரு நொடி, 'இன்னும் ஆறு தோட்டாதான்' என்ற எண்ணத்தோடு சேர்ந்தால்தான் பயம். மூன்றாம் பாகத்தில் எல்லாவற்றுக்கும் பொதுத் தோட்டா வந்ததும் அந்தக் கணக்கு கலைந்துவிட்டது. நாமே உதிரிகளைப் பூட்டி ஆயுதம் செய்யும் பட்டறை உண்மையிலேயே நல்ல யோசனை. ஆனால் எந்த ஆயுதம் செய்தாலும் அது தின்பது ஒரே தோட்டா என்றால், பயத்தை வைத்துப் பிழைத்த தொடருக்கு அது கட்டுப்படியாகாது.

சோதிப்பது எப்படி? நடுத்தரக் கடினத்தில் பத்துச் சண்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் தோட்டா எண்ணிக்கை, பயன்படுத்திய ஆயுதம், பொறுக்கிய அளவு மூன்றையும் எழுதுங்கள். பத்திலும் இருப்பு ஏறிக்கொண்டே போனால் பற்றாக்குறை வெறும் பேச்சு. பத்திலும் ஒரே ஆயுதம் என்றால் மற்றவை அலங்காரம்.

கேள்வி: குறிவைப்பது ஏதோ சேற்றில் கை விட்ட மாதிரி மந்தமாக இருக்கிறது. நண்பர்கள் 'உன் பிரமை' என்கிறார்கள். நிரூபிக்க முடியுமா?

பதில்: முடியும், ஒரு செல்போன் போதும். ஸ்லோ மோஷனில் நொடிக்கு 240 ஃபிரேம் எடுக்கும் கேமராவாக இருக்க வேண்டும். சுடும் பொத்தானில் விரலும் டிவி திரையும் ஒரே சட்டத்தில் தெரியும்படி போனை நிறுத்தி, பத்து முறை தனித்தனியாகச் சுடுங்கள். வீடியோவை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி, பொத்தான் அடிவரை இறங்கியதிலிருந்து துப்பாக்கி வாயில் நெருப்பு தெரியும்வரை எண்ணுங்கள். ஒரு ஃபிரேம் 4.17 மில்லிசெகண்ட். 24 ஃபிரேம் வந்தால் 100 மில்லிசெகண்ட். பத்துக்கும் சராசரி எடுங்கள்.

இந்த எண்ணில் டிவியின் தாமதமும் சேர்ந்திருக்கிறது. அதனால் அதைத் தனியாகச் சொல்லிப் பயனில்லை. அதே டிவி, அதே கன்ட்ரோலர், டிவியில் கேம் மோட் போட்ட நிலையில் முதல் பாகத்தையும் அளந்து, வித்தியாசத்தை மட்டும் எழுதுங்கள்.

வித்தியாசமே வரவில்லை என்றாலும் நீங்கள் சொல்வது பிரமை ஆகிவிடாது. அடுத்து டெட் ஸோனைப் பாருங்கள்: குச்சியை மிக மெதுவாகத் தள்ளி, எவ்வளவு தூரம் போன பிறகு திரை அசைகிறது என்று கவனியுங்கள். பிறகு குச்சியை முழுதாகச் சாய்த்துப் பிடியுங்கள். திரும்பும் வேகம் உடனே வருகிறதா, படிப்படியாக ஏறுகிறதா? மந்தம் என்று நாம் உணர்வது பல சமயம் இந்த இரண்டில் ஒன்றாக இருக்கும். செட்டிங்ஸில் மாற்ற முடிகிறது என்றால் எந்த மதிப்பில் சரியானது என்று எழுதுங்கள். படிப்பவருக்கு அது நேரடி உதவி. மாற்ற வசதியே தரவில்லை என்றால் அது குறை, தயங்காமல் எழுதலாம்.

கேள்வி: பிசியில் 60 எஃப்பிஎஸ் (நொடிக்கு 60 ஃபிரேம்) காட்டுகிறது, ஆனால் கேம் விக்குகிறது. எப்படி விளக்குவது?

பதில்: சராசரி எண் விக்கலை மறைத்துவிடும். 60 என்றால் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட். நொடியில் ஒரே ஒரு ஃபிரேம் 100 மில்லிசெகண்ட் எடுத்துக்கொண்டாலும் சராசரி 55-ஐ ஒட்டியே நிற்கும். கண்ணுக்கு மட்டும் அது பளிச்சென்று தெரியும். அதனால் ஃபிரேம் டைம் வரைபடத்தைப் பாருங்கள். கேப்ஃபிரேம்எக்ஸ் போன்ற இலவசக் கருவி போதும்.

பிறகு ஒரே 60 நொடிப் பாதையை மூன்று முறை ஓடுங்கள். முதல் முறை மட்டும் விக்கி, அடுத்த இரண்டிலும் வழுக்கிக்கொண்டு போனால் அது ஷேடர் (ஒளி, நிறத்தைத் திரையில் வரையும் சிறு நிரல்) கம்பைல் ஆகும் விக்கல்: புது வெடிப்பு, புது ஆயுதம் திரையில் வரும் கணத்தில் அதற்கான ஷேடரை அப்போதுதான் தயாரிக்கிறது. தயாரித்ததைச் சேமித்துவைப்பதால் இரண்டாம் முறை தெரியாது. மூன்று முறையும் அதே வாசலில், அதே வளைவில் விக்கினால் அடுத்த பகுதியை ஏற்றுவதில் கோளாறு. எவ்வளவு ஆடினாலும் போகாது. விமர்சனத்தில் எந்த வகை என்று பிரித்துச் சொல்லுங்கள். உங்கள் பிசியின் பிராசஸர், கிராஃபிக்ஸ் கார்டு, டிரைவர் பதிப்பு, செட்டிங்ஸ் நாலும் எழுதாத எண்களுக்கு மதிப்பில்லை.

கேள்வி: எதிரிகள் முட்டாள்களாக இருக்கிறார்கள் என்று எழுதினேன். 'நீ ஈஸியில் ஆடியிருப்பாய்' என்று ஒருவர் மடக்கிவிட்டார்.

பதில்: 'முட்டாள்' என்பதை எடுத்துவிட்டு அவர்கள் செய்ததை எழுதுங்கள். ஒரு பெட்டிக்குப் பின்னால் 30 நொடி அசையாமல் இருங்கள். யாராவது பக்கவாட்டில் சுற்றி வருகிறார்களா? குண்டு வீசி உங்களைக் கிளப்பப் பார்க்கிறார்களா? உங்களைக் கடைசியாகப் பார்த்த இடத்தையே சுட்டுக்கொண்டிருக்கிறார்களா? இதை மூன்று கடினநிலையிலும் செய்யுங்கள். பல கேம்களில் கடினநிலையை ஏற்றினால் உயிரும் அடியின் பலமும்தான் கூடும், நடத்தை மாறாது. மாறவில்லை என்று பார்த்துவிட்டால் அந்த மடக்கலுக்குப் பதில் உங்கள் கையில்.

தோட்டாவை உறிஞ்சும் எதிரிகளுக்கும் இப்படித்தான்: ஒரே வகை எதிரியை, ஒரே தூரத்தில், ஒரே துப்பாக்கியால் மார்பில் சுட்டு, விழ எத்தனை தோட்டா என்று எண்ணுங்கள். இரண்டாம் மிஷனில் ஒரு முறை, ஆயுதத்தை முழுதாக மேம்படுத்திய பின் கடைசி மிஷனில் ஒரு முறை. எண்ணிக்கை குறையவே இல்லை என்றால் மேம்பாட்டுக்குச் செலவழித்த நேரமெல்லாம் நின்ற இடத்திலேயே ஓடியதுதான்.

எதிரியின் மூளை எவ்வளவு நொய்மையான விஷயம் என்பதற்கு ஒரு சான்று. புகழ்பெற்ற ஏலியன் படங்களின் கதைத் தொடர்ச்சியாக 2013-இல் வந்த 'ஏலியன்ஸ்: கலோனியல் மரீன்ஸ்' கேமில் ஜந்துக்கள் திக்குத் தெரியாமல் ஓடுவதைப் பார்த்து எல்லோரும் நொந்துபோனார்கள். கேமின் ஒரு செட்டிங்ஸ் கோப்பில் 'டெதர்' என்ற சொல்லில் 'ஏ' என்ற ஆங்கில எழுத்து ஒன்று கூடுதலாக விழுந்திருந்தது, ஆண்டுக்கணக்கில் கழித்து, ரசிகர் ஒருவரால் தெரிய வந்தது. 2018-இல் அந்தச் செய்தி பரவியது. பிசியில் அந்த ஓர் எழுத்தை நீக்கினால் ஜந்துக்கள் பதுங்குவதும் சுற்றி வளைப்பதும் கண்கூடாக மேம்படுகிறது. காரணத்தை ஊகித்து 'அக்கறை இல்லை' என்று எழுதுவதைவிட, கண்டதை எழுதுவது ஏன் பாதுகாப்பானது என்பது இதிலிருந்து புரியும்.

கேள்வி: நாயகனையே ஓரங்கட்டிவிட்டார்கள். கதையை வெளிப்படுத்தாமல் இதை எப்படிச் சொல்வது?

பதில்: எண்ணிச் சொல்லுங்கள். 'ஹேலோ 5: கார்டியன்ஸ்' (2015) கேமில் 15 மிஷன், தொடரின் நாயகன் மாஸ்டர் சீஃபாக ஆடக் கிடைப்பது மூன்று. மற்றதெல்லாம் லாக் என்ற இன்னொருவர். இருவரும் நேருக்கு நேர் மோதும் வேட்டை என்று விளம்பரப்படுத்திய கேம் அது. இந்த இரண்டு வரியில் கதையின் ஒரு திருப்பம்கூட வெளியாகவில்லை. ஏமாற்றம் முழுதாகப் புரிந்துவிடுகிறது. 2001-இன் முதல் ஹேலோவிலிருந்தே இருந்த, ஒரே திரையைப் பிரித்து இருவர் ஆடும் வசதியும் அதில் இல்லை. இப்படி நீக்கிய வசதிகளை விமர்சனத்தின் முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள், வாங்குவதா என்று முடிவெடுக்கப் பலருக்கு அதுவே போதும்.

கேள்வி: பிடிக்காத கேமைக் கடைசிவரை ஆடித்தான் ஆக வேண்டுமா?

பதில்: மதிப்பெண் போடுவதாக இருந்தால் ஆம். முடியவில்லை என்றால் எத்தனை மணி நேரம், எந்த மிஷன்வரை என்று முதல் வரியில் சொல்லிவிட்டு, மதிப்பெண் போடாமல் எழுதுங்கள்.

கேள்வி: விமர்சனம் வந்த பிறகு கேமுக்குள் கடையைத் திறந்து காசு கேட்கிறார்கள். இதை முன்கூட்டியே பிடிக்க வழி உண்டா?

பதில்: நேரத்தை அளப்பதுதான் வழி. 'ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரன்ட் 2' (2017) வெளிவரும் தறுவாயில் டார்த் வேடர் என்ற புகழ்பெற்ற வில்லனைத் திறக்க 60,000 கிரெடிட் (ஆடிச் சேர்க்கும் கேம் பணம்) கேட்டது. ஒரு மேட்சுக்குச் சராசரியாக எவ்வளவு கிரெடிட், எத்தனை நிமிடம் என்று ஆடியவர்கள் கணக்குப் போட்டுக் காட்டியதும் எதிர்ப்பு வெடித்தது. விலை 15,000 ஆக இறங்கியது. நிஜப் பணத்தில் வாங்குவதை வெளியீட்டுக்குச் சற்று முன் நிறுத்தினார்கள். 2018 மார்ச்சில் முன்னேற்ற முறையையே மாற்றினார்கள்.

அதே 2017-இல் 'டெஸ்டினி 2' கேமில் திரையில் காட்டிய எக்ஸ்பியைவிட (அனுபவப் புள்ளி) குறைவாகவே கணக்கில் ஏறுகிறது என்று ஆடியவர்கள் அளந்து கண்டுபிடித்தார்கள். நிறுவனம் ஒப்புக்கொண்டு அந்த முறையை நீக்கியது. கூடவே ஒரு லெவலுக்குத் தேவையான எக்ஸ்பியை 80,000-இலிருந்து 160,000 ஆக உயர்த்தியது.

நீங்களும் பத்து மேட்ச் அல்லது பத்து மிஷனுக்கு ஸ்டாப்வாட்ச் வைத்து, கிடைத்ததைக் கூட்டி, மணிக்கு எவ்வளவு என்று வகுத்துக்கொள்ளுங்கள். திறக்க வேண்டியவற்றின் மொத்த விலையை அதனால் வகுங்கள். விடை நூற்றுக்கணக்கான மணி நேரம் என்று வந்தால், கடை இன்னும் திறக்காவிட்டாலும் கடைக்கான இடம் தயார் என்று எழுதலாம்.

கேள்வி: மூன்று மாதத்தில் பேட்ச் (குறைகளைத் திருத்தும் அப்டேட்) வந்து கேம் சரியாகிவிட்டால் என் விமர்சனம் பொய்யாகிவிடாதா?

பதில்: எந்தப் பதிப்பை ஆடினீர்கள் என்று எண்ணோடு போட்டிருந்தால் ஆகாது. பேட்ச் எதைத் தொடும், எதைத் தொடாது என்று பிரித்து எழுதியிருந்தால் இன்னும் நல்லது.

'மாஸ் எஃபெக்ட்: ஆண்ட்ரோமெடா' 2017 மார்ச்சில் வந்தபோது முகங்கள் கேலிக்கு ஆளாயின. ஏப்ரலில் வந்த 1.05 பேட்ச் கண்களுக்கு உயிர் கொடுத்தது. கிரகம் விட்டு கிரகம் போகும் நீளமான பயணக் காட்சியைத் தாண்டிப்போகவும் வழி செய்தது. இவை பேட்ச் தொடக்கூடிய இடங்கள். ஒரு கிரகத்தில் ஒருவரிடம் பேசி, இன்னொரு கிரகத்தில் ஒன்றை ஸ்கேன் செய்து, திரும்ப முதல் கிரகத்துக்கே வரவைக்கும் துணைப்பணிகளை எந்தப் பேட்ச்சும் தொடவில்லை. அது எலும்பு. அந்த ஆகஸ்டிலேயே ஒருவர் ஆடும் பகுதிக்கு இனி பேட்ச் இல்லை என்றும் அறிவித்துவிட்டார்கள். கதையை நீட்டிக்கும் கூடுதல் பகுதி வரவே இல்லை. இத்தனைக்கும் ஜெட் விசையில் எகிறி, காற்றிலேயே நின்று குறிவைக்கும் அதன் சண்டை, தொடரின் முந்தைய மூன்று பாகங்களையும்விடத் துடிப்பானது. முகத்தைக் கேலி செய்வதோடு நின்ற விமர்சனங்கள் ஒரே மாதத்தில் பழசாயின. துணைப்பணிகளையும் சண்டையையும் எடைபோட்டவை இன்றைக்கும் அப்படியே பொருந்துகின்றன.

பேட்ச் வந்ததும் பழைய விமர்சனத்தைத் திருத்தி எழுதாதீர்கள். அதன் கீழேயே தேதியும் பதிப்பு எண்ணும் போட்டு, நீங்கள் முன்பு அளந்தவற்றை மட்டும் மறுபடி அளந்து, பழைய எண்ணுக்குப் பக்கத்தில் புதிய எண்ணை எழுதுங்கள்.